‘இரிங்க, எழும்ப வேணாம்’

எங்கள் ஊர் வீடுகளில் பெரியவர்களுக்கு மரியாதை செய்வதற்கு ஓர் எளிய அடையாளம் இருக்கிறது. வயதான ஒருவர் எழும்ப எத்தனித்தால் உடனே யாராவது ஓடிவந்து, “இரிங்க, எழும்ப வேணாம், நான் எடுத்துத் தாறன்” என்று சொல்ல வேண்டும். சொல்லாத பிள்ளை மரியாதை தெரியாத பிள்ளை. தண்ணீர் கதிரைக்கு வரும். மருந்து கதிரைக்கு வரும். சோற்றுக் கோப்பையும், கை கழுவச் சட்டியும் கதிரைக்கே வரும். வந்துபோகும் சொந்தக்காரர்கள் இதைப் பார்த்து, “நல்ல பிள்ளைகள், உம்மாவ ஒரு வேலை செய்ய விடாமப் பாக்குதுகள்” என்று வாழ்த்திவிட்டுப் போவார்கள்.

இந்த வாழ்த்தைப் பற்றித்தான் எனக்கு ஒரு முறைப்பாடு இருக்கிறது. ஒரு வேலையும் செய்ய விடாமல் பார்ப்பது அன்பு என்று நாங்கள் நம்புகிறோம். ஆனால் அந்த அன்பு எங்கள் தாய்மாரையும் உம்மம்மாமாரையும் கொஞ்சம் கொஞ்சமாக நடக்க முடியாதவர்களாக ஆக்கிக்கொண்டிருக்கிறது என்பது என் கருத்து. காய்ச்சலோ, விழுந்த காயமோ, முழங்கால் நோவோ வந்த ஒருவரை இருத்தி வைப்பதில் பிழை இல்லை. எவ்வளவு காலம் இருத்தி வைப்பது, எப்போது, எப்படி மீண்டும் அசையத் தொடங்குவது என்று வீட்டில் ஒருவரும் யோசிப்பதில்லை. அந்த யோசனையை எந்தக் கதிரையில் இருத்தினோமோ அந்தக் கதிரையிலேயே தொடங்கலாம் என்று சொல்லவே இதை எழுதுகிறேன்.

கதிரை என்ற சொல் கடல்வழியாக வந்தது. தமிழ்நாட்டில் நாற்காலி என்பார்கள். நாங்கள் போர்த்துக்கீசரிடம் இருந்து எடுத்துக்கொண்டோம். குசினியும் மேசையும் சன்னலும்கூட அதே கப்பலில் வந்த சொற்கள்தான். சொல் வந்து நானூறு வருடமானாலும் பொருள் எல்லா வீடுகளுக்கும் வந்தது நேற்று முந்தநாள்தான். எங்கள் உம்மம்மாமார் தரையில் வாழ்ந்தவர்கள். பாயில் இருந்து சாப்பிட்டார்கள், குந்தியிருந்து மீன் வெட்டினார்கள், நிலத்தில் இருந்து தேங்காய் துருவினார்கள். இருந்தால் எழும்பத்தானே வேண்டும்? ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்று ஒருவரும் எண்ணவில்லை.

ஆனால் எண்ணக்கூடிய ஒரு கணக்கு இருக்கிறது. ஐந்து நேரத் தொழுகையில் பர்ளு மட்டும் 17 ரக்அத்துகள். ஒவ்வொரு ரக்அத்திலும் இரண்டு ஸுஜூது. ஸுஜூதுக்குப் பிறகு அடுத்த ரக்அத்துக்கு எழும்ப வேண்டும், கடைசி ரக்அத் என்றால் ஸலாம் கொடுத்துவிட்டு எழும்ப வேண்டும். ஆக, தரையில் இருந்து எழும்புவது பர்ளில் மட்டும் நாளொன்றுக்கு 17 தடவை. சுன்னத்துத் தொழுகைகளையும் சேர்த்தால் அது இரண்டு மடங்குக்குக் கிட்டப் போகும். தொழுகை உடற்பயிற்சிக்காக உள்ளதல்ல, அது இபாதத். அதை உடற்பயிற்சி என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஆனாலும் ஐம்பது வருடம் தொழுத ஒரு பெண்ணின் தொடைகளும் முழங்கால்களும் அந்த எழும்புதலில் பழகியிருக்கின்றன. ஒரு நாள் திடீரென்று அவரைக் கதிரைக்கு மாற்றும்போது, ஐம்பது வருடப் பழக்கம் ஒரே நாளில் நின்றுபோகிறது.

நின்றால் என்ன ஆகும்? உயிரியல் படிக்கிற பிள்ளைக்கு இதில் ஆச்சரியம் இருக்கக் கூடாதுதான். பாவிக்காத தசையை உடல் சும்மா வைத்துப் பராமரிக்காது, குறைத்துக்கொள்ளும். ஆனால் எவ்வளவு வேகமாகக் குறைக்கும் என்று வாசித்தபோது எனக்கே திகைப்பாக இருந்தது. 1966 இல் அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் இருபது வயதான, நோய்நொடி இல்லாத ஐந்து இளைஞர்களை மூன்று கிழமை கட்டிலிலேயே படுக்க வைத்துப் பார்த்தார்கள். உச்ச முயற்சியின்போது உடல் ஒட்சிசனைப் பயன்படுத்தும் ஆற்றல் அவர்களுக்குக் கால்பங்குக்கும் மேல் குறைந்துபோனது. கதை அதோடு முடியவில்லை. முப்பது வருடம் கழித்து, 1996 இல், அதே ஐந்து பேரையும் தேடிப்பிடித்து மறுபடியும் அளந்தார்கள். அப்போது அவர்களுக்கு ஐம்பது வயது, உடம்பும் கனத்திருந்தது. அப்படியிருந்தும் முப்பது வருட முதுமை குறைத்த ஆற்றலைவிட, அன்று மூன்று கிழமைக் கட்டில் குறைத்தது அதிகமாக இருந்தது. பிறகு ஆறு மாதம் மெதுமெதுவாகப் பயிற்சி கொடுத்தபோது, வயதால் இழந்த அந்த ஆற்றல் திரும்பி வந்தது.

இது இளைஞர்களின் கதை. 2007 இல் வெளியான இன்னோர் ஆய்வில் அறுபது வயதைக் கடந்த, சுகதேகிகளான ஆண்களும் பெண்களும் பத்து நாள் மட்டும் கட்டிலில் இருந்தார்கள். அந்தப் பத்து நாளில் அவர்களுடைய கால்களில் இருந்து சராசரியாக ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவான தசை போய்விட்டது. ஒரு கிலோ இறைச்சியைக் கடையில் வாங்கிக் கையில் தூக்கிப் பார்த்தவர்களுக்கு அது எவ்வளவு என்று தெரியும்.

எங்கள் வீட்டுக் கதை பத்து நாள் கதை அல்ல. என் உம்மம்மாவுக்கு இப்போது எழுபத்தொரு வயது. கிண்ணியாவில் பிறந்து டவுனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர். 2009 இல் கிண்ணியாப் பாலம் திறக்கும் வரைக்கும் தாய்வீட்டுக்குப் போவதென்றால் துறையடியில் பாதைக்குக் காத்து நின்று, கையில் ஒரு பிள்ளையும் இடுப்பில் ஒரு பிள்ளையுமாக ஏறி இறங்கியவர். உம்மப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். (துறைமுகத் தொழிலாளரைப் பற்றிய பெரிய ஆய்வொன்று சான் பிரான்சிஸ்கோவில் நடந்திருக்கிறது. ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை 22 வருடம் தொடர்ந்து கவனித்ததில், கப்பற்சாமான் சுமந்தவர்களிடையே மாரடைப்பு மரணம் இலகுவான வேலை பார்த்தவர்களைவிடக் குறைவாக இருந்தது. உம்மப்பாவிடம் சொல்லியிருந்தால், “அப்ப சம்பளத்தக் கூட்டித் தந்திருக்கலாமே” என்றிருப்பார்.)

உம்மப்பா மௌத்தானபோது உம்மம்மா இத்தா இருந்தார். கணவனை இழந்த பெண்ணுக்கு நான்கு மாதமும் பத்து நாளும் என்று சூரா பகராவின் 234 ஆம் வசனம் சொல்கிறது. அதில் ஒருவருக்கும் பேச்சில்லை. ஆனால் எங்கள் பக்கத்தில் இத்தா என்றால் ஓர் அறை, ஒரு கட்டில், ஒரு கதிரை, வாசலில் ஒரு திரை என்று ஆகிவிட்டது. உம்மம்மா அந்த அறைக்குள் நடப்பதைக்கூட வந்தவர்கள் விரும்பவில்லை. குசினிப் பக்கம் வந்தால் ஒரு மாமி கையைப் பிடித்துத் திரும்பக் கொண்டுபோய் இருத்துவார். இன்னொருவர் காலடியில் தலையணை வைப்பார். துக்கத்தில் இருக்கிற பெண்ணை அவ்வளவு அன்பாகக் கவனித்தார்கள். நான்கு மாதமும் பத்து நாளும் முடிந்து திரையை எடுத்தபோது, கட்டிலில் இருந்து எழும்ப உம்மம்மாவுக்கு இரண்டு பக்கமும் இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். போகும்போது அவருக்கு முழங்கால் நோ மட்டும்தான் இருந்தது.

இத்தாவைக் குறை சொல்வதாக யாரும் நினைக்க வேண்டாம். தேவையின்றி வெளியே போகாமல் இருப்பது, அலங்காரம் தவிர்ப்பது, மறுமணம் பேசாமல் இருப்பது என்று மார்க்கம் விதித்தவை வேறு. வீட்டுக்குள் நடக்காதே, முற்றத்தில் நிற்காதே, ஒரு கோப்பைகூடக் கழுவாதே என்று நாங்கள் கூட்டிச் சேர்த்தவை வேறு. இரண்டாவது வகையை மார்க்கத்தின் பெயரில் ஓர் எழுபது வயதுப் பெண்ணின் மேல் ஏற்றுவது நியாயமா என்று எங்கள் ஆலிமாக்களிடமே கேட்டுப் பாருங்கள். இன்றும் இந்த ஊரில் ஏதோ ஒரு வீட்டில், ஏதோ ஓர் அறையில், ஒரு தாய் இத்தா இருந்துகொண்டிருப்பார். அந்த வீட்டில் ஒரு மகளோ பேத்தியோ இதை வாசித்தால், தினம் மூன்று தடவை அந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்திவிட்டு, கீழே நான் எழுதப்போவதைச் செய்ய வைக்கலாம். அதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.

உம்மம்மாவைக் கூட்டிப்போன இடத்தில் ஒரு பெண் இயன்மருத்துவர் இருந்தார். பெரிய கருவிகள் ஒன்றும் அவர் எடுக்கவில்லை. சுவரோரம் ஒரு கதிரையைப் போட்டு, இரண்டு கைகளையும் நெஞ்சின் குறுக்கே வைத்துக்கொண்டு முப்பது வினாடியில் எத்தனை தடவை எழும்பி இருக்கலாம் என்று பார்ப்போம் என்றார். உலகின் பல நாடுகளில் முதியோரின் கால் பலத்தை அளக்கப் பாவிக்கும் சோதனை அது. எழுபதுக்கும் எழுபத்துநாலுக்கும் இடைப்பட்ட வயதுப் பெண் பத்துத் தடவையாவது எழும்பி இருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் விழுந்துபோகும் ஆபத்து அதிகம் என்று கொள்வார்கள். கையை ஊன்றி எழும்பினால் கணக்கில் சேராது. உம்மம்மாவின் புள்ளி பூச்சியம். “நான் பெயிலா?” என்று கேட்டார். இயன்மருத்துவர் சிரித்துவிட்டு, “சோதனை இப்பதானே தொடங்குது உம்மா” என்றார்.

அவர் சொல்லித் தந்ததைத்தான் நான் இங்கே எழுதுகிறேன். முதலில் கதிரை. எங்கள் வீடுகளில் உள்ள பிளாஸ்டிக் கதிரை மாபிள் தரையில் வழுக்கும், கால் வெடித்ததும் இருக்கும். பாரமான மரக்கதிரை நல்லது. அதுவும் பின்பக்கம் சுவரில் முட்டும்படி போட வேண்டும். சில்லுள்ள கதிரையும், உள்ளே அமிழ்ந்துபோகும் சோபாவும் சரிவராது. இருக்கும்போது பாதம் இரண்டும் முழுதாகத் தரையில் பதிய வேண்டும். செருப்புப் போட்டால் வழுக்காத செருப்பு. இல்லாவிட்டால் வெறுங்கால். அபாயாவோ நீண்ட உடுப்போ காலில் சிக்காமல் கொஞ்சம் உயர்த்திச் செருகிக்கொள்வது நல்லது. இதை ஆண்கள் எழுதும் புத்தகங்களில் காண முடியாது.

கதிரையின் முன்பாதியில் நிமிர்ந்து இருந்துகொண்டு முதலில் குதிகளை உயர்த்தி இறக்குவது, பிறகு குதி தரையில் இருக்க விரல்களை உயர்த்துவது. பத்துப் பத்துத் தடவை. பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லாதது போல இருக்கும். ஆனால் கெண்டைக்கால் தசை சுருங்கும்போதுதான் கால் நாளங்களில் தேங்கிய இரத்தம் இதயத்தை நோக்கித் தள்ளப்படுகிறது. நாள் முழுக்கக் காலைத் தொங்கப்போட்டு இருப்பவர்களுக்குப் பின்னேரம் கால் வீங்குவதற்கு ஒரு காரணம் அந்தத் தசை வேலை செய்யாமல் இருப்பது. (திடீரென்று ஒரு கால் மட்டும் வீங்கி நோவெடுத்தால் அது வேறு. பயிற்சி செய்யாமல் வைத்தியரிடம் போக வேண்டும்.)

அடுத்தது முழங்காலை நீட்டுவது. ஒரு காலை முன்னால் நேராக நீட்டி, ஐந்து எண்ணும் வரை பிடித்து, மெதுவாக இறக்க வேண்டும். உம்மம்மா எண்ணுவதில்லை. ஐந்து தடவை சுப்ஹானல்லாஹ் சொல்கிறார். அதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. வாய்விட்டுச் சொல்கிறவர் மூச்சை அடக்க முடியாது. மூச்சை அடக்கிக்கொண்டு முக்கினால் இரத்த அழுத்தம் ஏறும் என்பதால், இயன்மருத்துவர் திரும்பத் திரும்பச் சொன்னது மூச்சை அடக்க வேண்டாம் என்பதைத்தான். நீட்டி இறக்கும்போது தொடையின் முன்பக்கத்தில் இறுகுகிற தசைதான் முழங்காலைத் தாங்குகிற தசை.

“தேஞ்ச முட்டி, ஆட்டினா இன்னும் தேயும்” என்று எங்கள் வீட்டுக்கு வராத ஆள் இல்லை. இதை நம்பித்தான் பாதிப்பேர் பயிற்சியைத் தொடங்குவதே இல்லை. மூட்டில் உள்ள கசியிழையத்துக்கு இரத்தக் குழாய்கள் கிடையாது. மூட்டுக்குள் இருக்கும் பாயியில் இருந்துதான் அது போசணையைப் பெறுகிறது. அசையும்போது அழுத்துப்பட்டு, விடுபட்டு, ஒரு பஞ்சு போல அதை உறிஞ்சுகிறது. அசையாத மூட்டு பட்டினி கிடக்கிறது. முழங்கால் தேய்வுக்கு இன்று வைத்திய உலகம் முதலில் சொல்வதே தகுந்த உடற்பயிற்சியைத்தான். குளிசையும் சத்திரசிகிச்சையும் அதற்குப் பிறகு. பயிற்சி செய்த அன்று கொஞ்சம் நோகலாம். அடுத்த நாள் அது அடங்கிவிட்டால் பயப்பட வேண்டியதில்லை. அடங்காமல் கூடினாலோ முட்டி வீங்கினாலோ எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும்.

இருந்தபடியே முழங்கால்களை மாறி மாறி உயர்த்தி நடப்பது, தோள்களைச் சுழற்றுவது, கைகளை மெதுவாகத் தலைக்கு மேலே கொண்டுபோவது எல்லாம் இதோடு சேரும். உடுப்புக் காயப்போடவும், அலுமாரித் தட்டில் இருந்து ஒரு போத்தலை எடுக்கவும், தக்பீருக்குக் கை உயர்த்தவும் தோள் வேண்டும்தானே.

எல்லாவற்றிலும் முக்கியமானது கடைசிப் பயிற்சி. அதுதான் எழும்புவது. கதிரையின் நுனிக்கு வந்து, பாதங்களை முழங்காலுக்குக் கொஞ்சம் உள்ளே இழுத்து, மூக்கு கால்விரலுக்கு நேரே வரும்வரை முன்னால் குனிந்து, எழும்ப வேண்டும். எங்கள் பெரியவர்கள் முதுகை நேராக வைத்துக்கொண்டே எழும்பப் பார்த்து, பின்னால் சாய்ந்து விழுகிறார்கள். குனிந்தால் பாரம் பாதத்துக்கு வந்துவிடும், பிறகு எழும்புவது பாதி வேலை. முடியாதவர்கள் கதிரையின் கைப்பிடியை ஊன்றலாம், இருக்கும் இடத்தில் ஒரு கனத்த மெத்தையைப் போட்டு உயர்த்தலாம். பலம் வர வர மெத்தையை எடுத்துவிடலாம். திரும்ப இருக்கும்போது ‘தொப்’ என்று விழக் கூடாது, மெதுவாக இறங்க வேண்டும். இறங்கும்போதுதான் தசைக்கு நல்ல வேலை.

உம்மம்மா முதல் கிழமை மெத்தை போட்டு, கை ஊன்றி, ஒரு தடவைக்கு மூன்று என்று தொடங்கினார். எங்கள் வீட்டில் அது அஸருக்குப் பிந்திய வேலை. நான் டியூசனுக்குப் போகும் நாட்களில் தம்பி பக்கத்தில் நிற்பான். “உம்மம்மா கதிரைக்கு வேலை குடுக்கிறா” என்று அவன்தான் பெயர் வைத்தது. நோன்பு மாதத்தில் அஸருக்குப் பிறகு உடம்பு தாங்கவில்லை. தராவீஹுக்குப் பிறகு மாற்றினோம். பாதி நாள் தூங்கிப்போனார். ஒரு தடவை தடிமன் காய்ச்சல் வந்து இரண்டு கிழமை விட்டதில், பழையபடி மெத்தை போட வேண்டியதாயிற்று. ஏழு மாதம் கழித்து அதே முப்பது வினாடிச் சோதனையில் கை ஊன்றாமல் எட்டு. பத்து இன்னும் வரவில்லை. ஆனால் இரவில் மலசலகூடத்துக்குப் போக அவர் இப்போது யாரையும் எழுப்புவதில்லை. அதைச் சொல்லும்போது அவருடைய முகத்தைப் பார்க்க வேண்டும்.

இப்போது கதிரைத் தொழுகைக்கு வருகிறேன். இம்ரான் பின் ஹுஸைன் (ரழி) அவர்கள் மூல நோயால் அவதிப்பட்டபோது, நின்று தொழுமாறும், முடியாவிட்டால் இருந்தும், அதுவும் முடியாவிட்டால் ஒருக்களித்துப் படுத்தும் தொழுமாறு நபி (ஸல்) அவர்கள் சொன்ன செய்தி புஹாரியில் இருக்கிறது. இந்தச் சலுகை எங்கள் மார்க்கத்தின் பெரிய அருள். நோயாளியைப் பார்த்து, ஏன் கதிரையில் தொழுகிறீர்கள் என்று கேட்பதற்கு யாருக்கும் உரிமையில்லை. நான் கேட்கவும் இல்லை. ஆனால் பர்ளுத் தொழுகையில் நிற்க முடிந்தவர் நிற்பது கடமை என்பது மதரசாப் பிள்ளைக்கும் தெரியும். ‘முடியாது’ என்பது ஒரு நாளின் பதில். மூன்று வருடத்துக்கு முன் முழங்கால் வீங்கிய கிழமையில் சொன்ன பதிலை வைத்துக்கொண்டு இன்றும் கதிரையில் இருக்கிறவர்கள், அந்தக் கேள்வியை மறுபடி ஒரு தடவை தங்களிடமே கேட்டுப் பார்க்கலாம். உம்மம்மா இப்போது கியாமில் நிற்கிறார், ருகூஉ செய்கிறார், ஸுஜூதுக்கு மட்டும் கதிரையில் இருக்கிறார். இது சரியான முறைதானா என்று வாப்பா ஓர் ஆலிமிடம் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார். ஒவ்வொருவரின் நிலையும் வேறு என்பதால் நீங்களும் கேட்டுக்கொள்ளுங்கள்.

எனக்கு எதிராக இரண்டு பேச்சு வரும் என்று தெரியும். முதலாவது, இதெல்லாம் சின்னப்பிள்ளை விளையாட்டு, நடைதான் உண்மையான பயிற்சி என்பது. நடை நல்லதுதான். அறுபத்தைந்து வயதைக் கடந்தவர்கள் கிழமைக்கு 150 நிமிடமாவது மிதமான அசைவில் இருக்க வேண்டும், அதோடு சமநிலைக்கும் பலத்துக்குமான பயிற்சிகளை மூன்று நாளாவது செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டல் சொல்கிறது. ஆனால் கட்டிலில் இருந்து எழும்ப இரண்டு பேர் தேவைப்படுகிற ஒருவரிடம் நடை பற்றிப் பேசி என்ன பயன்? அதே வழிகாட்டல், சும்மா இருப்பதைவிடக் கொஞ்சம் அசைந்தாலும் நன்மை, சிறிதில் தொடங்கிக் கூட்டுங்கள் என்றும் சொல்கிறது. தவிர, டச்சுபே கடற்கரையில் பின்னேரம் போய்ப் பாருங்கள். நடக்கிறவர்களில், ஓடுகிறவர்களில் எத்தனை பேர் எங்கள் வயதான பெண்கள்? கூட்டிப்போக ஆள் வேண்டும், இருட்டுமுன் திரும்ப வேண்டும், யார் பார்க்கிறார்கள் என்று யோசிக்க வேண்டும். அவர்களுக்கு நல்ல நடைபாதை வேண்டும் என்று கேட்பது வேறொரு கட்டுரை. அது கிடைக்கும்வரை, கதவைச் சாத்தினால் போதும் என்கிற ஒரு பயிற்சியை ஏன் விட வேண்டும்?

இரண்டாவது பேச்சு, “வயசு போயிட்டு, இனி ஓதிக்கிட்டு இரிக்கட்டும்” என்பது. இது பெண்களைப் பார்த்து மட்டும் சொல்லப்படுவதைக் கவனித்திருக்கிறேன். எழுபது வயது ஆண் பள்ளிக்கு நடக்கிறார், சந்தைக்குப் போகிறார், தேநீர்க் கடையில் பேசிவிட்டு வருகிறார். அவரை ஒருவரும் பிடித்து இருத்துவதில்லை. ஓதுவதற்கும் நிமிர்ந்த முதுகு வேண்டும் என்பதோடு அதை விடுகிறேன்.

ஒரு எச்சரிக்கையையும் சொல்ல வேண்டும். அண்மையில் எலும்பு முறிந்தவர்கள், இடுப்பு அல்லது முழங்கால் சத்திரசிகிச்சை செய்தவர்கள், இதய நோயாளிகள், எழும்பும்போது தலை சுற்றுகிறவர்கள் ஆகியோர் தங்கள் வைத்தியரையோ இயன்மருத்துவரையோ கேட்காமல் தொடங்கக் கூடாது. கிளினிக்குக்குப் போகும் நாளில் கொப்பியைக் காட்டி ஒரு வார்த்தை கேட்டால் போதும். பயிற்சியின் நடுவில் நெஞ்சு நோ, மூச்சுத் திணறல், மயக்கம் வந்தால் உடனே நிறுத்தி உதவி தேட வேண்டும். நீரிழிவுக்கு மருந்து எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் செய்யாமல் இருப்பது நல்லது. முதல் நாட்களில் பக்கத்தில் ஓர் ஆள் நிற்க வேண்டும். தூக்கிவிட வேண்டியதில்லை, நின்றால் போதும்.

சகோதரிகளே, இது கிழவிகளின் கதை என்று பக்கத்தைப் புரட்ட வேண்டாம். உயர்தரத்துக்கு வந்தபின் காலை ஏழரைக்கு வாங்கில் இருக்கத் தொடங்கினால், பாடசாலை, டியூசன், வீட்டு மேசை என்று இரவு பத்து வரைக்கும் நாங்களும் இருந்துகொண்டேதான் இருக்கிறோம். 2017 இல் கிண்ணியாவிலும் டவுனிலும் டெங்கு பரவியபோது காய்ச்சல் விட்ட பிறகும் கிழமைக்கணக்காகப் படுக்கையில் வைக்கப்பட்ட பிள்ளைகள் எங்கள் வகுப்புகளில் இருக்கிறார்கள். எழும்பியபோது கால் நடுங்கியதை அவர்கள் சொல்வார்கள். டல்லாஸ் ஆய்வில் படுத்தவர்களுக்கு இருபது வயதுதான் என்பதை மறக்க வேண்டாம்.

கடைசியாக, கல்லூரிக்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு தவணையும் பெற்றோர் கூட்டத்துக்கு எங்கள் தாய்மாரும் உம்மம்மாமாரும் வந்து, பிரதான மண்டபத்தில் இரண்டு மணித்தியாலம் கதிரையில் இருக்கிறார்கள். ஆண்கள் பகுதியும் பெண்கள் பகுதியும் வேறாகத்தான் போடப்படுகின்றன. அதில் பதினைந்து நிமிடத்தைப் பெண்கள் பகுதிக்கு ஒதுக்கி, ஒரு பெண் இயன்மருத்துவரை அழைத்து, இருந்த இடத்திலேயே இவற்றைச் செய்து காட்டச் சொல்லலாம். உயிரியல் பிரிவு மாணவிகள் வரிசைக்கு ஒருவராக நின்று உதவுவோம். இதுபற்றி மாணவத் தலைவிகள் சார்பில் அதிபர் அவர்களிடம் கடிதம் கொடுத்திருக்கிறோம். பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார். அடுத்த கூட்டத்தின் திகதி இன்னும் அறிவிக்கப்படவில்லை. அறிவித்தால் உம்மம்மாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். தான் முன்வரிசையில் இருக்க வேண்டும் என்பது அவருடைய நிபந்தனை.